மைனஸ் என்றால் மகிழ்ச்சி

கேள்வி: கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கின் ஆட்டத்தைத் தொடர்ந்து கவனிக்க ஆசை. ஆனால் கோல்ஃப் ஸ்கோர் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதைப் பார்ப்பது?

பதில்: பெயருக்கு நேரே மைனஸ் இருந்தால் சந்தோஷப்படுங்கள். இங்கே குறைவாக அடிப்பவரே கெட்டிக்காரர். டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 71 அடி என்று கணக்கு. நான்கு சுற்றுக்கு 284. அதிதி 269-ல் முடித்தார், அதாவது மைனஸ் 15. தங்கம் வென்ற நெல்லி கோர்டா மைனஸ் 17. வெண்கலம் மைனஸ் 16. ஒரே ஓர் அடியில் பதக்கம் போயிற்று! அப்போது உலகத் தரவரிசையில் 200-வது இடத்தில் இருந்தவர் அதிதி. மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய அம்மா. பந்தை வெகுதூரம் விரட்டுபவர் அல்ல அதிதி. குழிக்கு அருகே நிதானமாகத் தட்டி உள்ளே தள்ளும் 'பட்டிங்'தான் அவர் பலம். அதனால் நீண்ட மைதானங்களில் அவர் திணறினால் பதறாதீர்கள்.

பெண்களுக்கான தொழில்முறை கோல்ஃப் தொடரான எல்.பி.ஜி.ஏ. போட்டிகளில் பெரும்பாலும் இரண்டு சுற்று முடிந்ததும் பாதிப்பேர் கழற்றிவிடப்படுவார்கள். 'கட்' என்பார்கள். முதலில் அதைத் தாண்டினாரா என்று பாருங்கள். அமெரிக்காவில் நடக்கும் போட்டி என்றால், பெரும்பாலும் ஞாயிறன்று நடக்கும் கடைசிச் சுற்று முடிவதற்குள் நமக்குத் திங்கட்கிழமை பிறந்துவிடும். காபி குடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.