நாள் காசை வருடக் காசாக்க: திண்டுக்கல் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

திண்டுக்கல் வட்டாரத்தில் பல வீடுகளுக்கு ஒன்றாம் தேதியும் மற்ற நாளைப் போலத்தான். பூ மார்க்கெட்டில் நாள் கணக்கு, வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் வாரக் கணக்கு, சின்னாளபட்டியில் சேலைக் கணக்கு, ஒட்டன்சத்திரத்துக்குக் காய் ஏற்றுகிறவருக்கு லோடு கணக்கு. செலவோ வேறு காலண்டர் வைத்திருக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம், ஐப்பசியில் தீபாவளி, ஆவணியிலும் தையிலும் வரிசையாக வந்து விழும் பத்திரிகைகள். வருமானம் குறைந்து நொடித்த வீடுகளைவிட, இந்த இரண்டு கணக்கும் பொருந்தாமல் வட்டிக்குப் போய் நொடித்த வீடுகளே அதிகம் என்பது என் எண்ணம். பணம் சேர்க்கிற பழக்கம் என்பதை அந்தப் பொருத்தம் பார்க்கிற பழக்கமாகவே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலும் லாபமும் ஒரே சுருக்குப் பையில் இருக்கக் கூடாது. காலையில் 1,500 ரூபாய்க்கு மல்லியும் கனகாம்பரமும் எடுத்து, கட்டி, முழம் போட்டு இரவுக்குள் 2,100 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் 2,100-ஐப் பார்த்துச் சாமான் வாங்கினால் மறுநாள் பூ எடுக்கக் காசு இருக்காது. கடையை எடுத்து வைக்கும் இடத்திலேயே 1,500-ஐத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். மீதி 600-ல் நூறு ரூபாய் இன்னொரு பைக்கு. வீட்டுக்குள் நுழைய வேண்டியது 500 மட்டும். "மாசக் கடைசில மிச்சம் பிடிக்கிறேன்" என்பவர்களுக்கு மாதக் கடைசியில் மிச்சம் இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது விற்பனைப் பணத்தில் ஒரு பகுதி க்யூஆர் அட்டை வழியாக நேராக வங்கிக்குப் போய்விடுகிறது. அதனால் பையைப் பிரித்தால் மட்டும் போதாது. வியாபாரத்துக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று என்று கணக்கையும் பிரித்து வையுங்கள். சேமிப்புக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டையும் வேண்டாம், செல்போன் செயலியும் வேண்டாம்.

2. விலை ஏறும் நாளில் வீட்டுச் செலவை ஏற்றாதீர்கள். நிலக்கோட்டை மல்லி இதற்கு நல்ல உதாரணம். மார்கழி, தைப் பனியில் வரத்து குறையும். அதோடு தை முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரங்களில் போகும். வெயில் காலத்தில் பூ கொட்டும்போதோ, முகூர்த்தமில்லாத ஆடியிலோ, பறிகூலிக்குக்கூட கட்டாத நாட்கள் உண்டு. தையில் வந்த பணத்தை வைத்து மாதத் தவணையில் வண்டி எடுத்தவர், ஆடித் தவணைக்கு நகையைக் கொண்டு போகிறார். பூ, சின்ன வெங்காயம், முருங்கை என்று விலை ஆடுகிற எதை விளைவித்தாலும், கடந்த ஆண்டின் மோசமான மாதத்தில் வந்த வருமானம்தான் உங்கள் வருமானம் என்று வைத்துக் குடும்பச் செலவைப் போடுங்கள். அதற்கு மேல் வருவதை உழவுக்கும் கிணற்றுக்கும் கடன் அடைக்கவும் தள்ளி வைக்கலாம். இது சொல்வதற்கு எளிது. தை மாதத்தில் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது கைக்கு அரிக்கும்.

3. தண்டல் கணக்கை ஒரு தடவை தாளில் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் என்று பேசி, முன்வட்டி பிடித்து 9,000 கையில் தருவார்கள். தினமும் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாதானே கூட" என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கரைகிறது. கணக்கிட்டால் வருட வட்டி 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதேபோல "ரெண்டு வட்டி" என்பது மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு, வருடத்துக்கு 24. "அஞ்சு வட்டி" என்றால் 60. வட்டியை எப்போதும் வருடத்துக்கு மாற்றிய பிறகே சரி என்று சொல்லுங்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் காலை ஐந்து மணிக்குப் பூ எடுக்கப் பணம் கேட்டால் சட்டம் கொடுக்காது, தண்டல்காரர் கொடுப்பார். அவர் பிழைப்பு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. முதல் குறிப்பில் சொன்ன முதல் பை அவருக்குப் பதிலாகத்தான். தெருவோரம் கடை போடுகிறவர்கள் 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி கடன் பற்றி மாநகராட்சி அலுவலகத்தில் கேட்கலாம். ஒழுங்காகக் கட்டக் கட்ட அடுத்த கடனின் தொகை கூடும். மகளிர் குழுவில் இருப்பவர்களுக்குக் குழுக் கடன் இருக்கிறது.

4. ஏலச்சீட்டு நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எப்போது எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. அவசரத்துக்கு இரண்டாம் மாதமே 30,000 தள்ளி எடுத்தால் கையில் வருவது 70,000. கட்டுவதோ, தள்ளுபடி போக, இருபது மாதமும். கடைசிவரை பொறுத்தவருக்கு உங்கள் 30,000-லும் ஒரு பங்கு போயிருக்கும். ஆகவே முன்னால் எடுப்பது கடன், பின்னால் எடுப்பது சேமிப்பு. இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று சேரும்போதே முடிவு செய்யுங்கள். சீட்டு நடத்துகிறவர் 1982-ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவுத்துறையில் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், பிணையும் கட்டியிருக்க வேண்டும். அவருடைய கமிஷனுக்கு 2019 திருத்தத்தின்படி உச்சவரம்பு 7 சதவீதம். பதிவுச் சான்றைக் காட்டச் சொன்னால் "நம்ம மேல நம்பிக்கை இல்லையா மதினி?" என்று கேட்பார்கள். "நம்பிக்கை இருக்கு, காயிதத்தையும் காட்டுங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

5. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருடம். 6.7 சதவீத வட்டியில் மாதம் ஆயிரம் கட்டினால் முடிவில் 71,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். வட்டி அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருடம் ஆகிவிட்டால், கட்டியிருப்பதில் பாதிவரை அதன் மேலேயே கடன் வாங்கலாம். அந்தக் கடனுக்கு ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு இதைவிட மலிவான பணம் ஊரில் கிடைப்பது கஷ்டம். போய் வரிசையில் நிற்க நேரமில்லை என்றால் வீட்டுக்கே வந்து வாங்கிப்போகும் மகளிர் முகவர்கள் உண்டு. பாஸ்புக்கில் பதிவாகி வருகிறதா என்று மட்டும் மாதாமாதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. வருடச் சாமானை அந்தந்தப் பருவத்தில் வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் பாட்டிமார்களை மிஞ்ச ஆளில்லை. மாசி, பங்குனியில் புதுப்புளி இறங்கும். நத்தம், அய்யலூர்ப் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் மரத்தடியிலேயே சொல்லி வையுங்கள். கொட்டை எடுத்து, நன்றாக வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவி மண் பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடைக்கலாம். தகர டப்பாவும் எவர்சில்வரும் புளிப்புக்கு ஆகாது. தை, மாசியில் புதுத் துவரை வரும். உடைத்த பருப்பை வெயில் காட்டி, விளக்கெண்ணெய் இலேசாகத் தடவி வைத்தால் வண்டு அண்டாது. சின்ன வெங்காயத்தை வரத்து கொட்டுகிற வாரத்தில், தாள் சுருங்கி, தோல் சலசலவென்று காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள். விவசாயி தோட்டத்தில் பட்டறை போட்டுக் காற்றாட வைப்பது போல, வீட்டிலும் சணல் சாக்கை விரித்துப் பரப்பி வையுங்கள். பாலிதீன் பை வேண்டாம், உருளைக்கிழங்கோடு சேர்க்கவும் வேண்டாம். ஒரு நிபந்தனை: கடன் வாங்கி மொத்தச் சாமான் வாங்காதீர்கள். வட்டியும் வண்டும் சேர்ந்தால் லாபம் நிற்காது.

7. கரண்ட் மீட்டரில் 500 யூனிட் என்ற கோட்டை நினைவில் வையுங்கள். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கீழ்ப்படியில் கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் சேர்ந்து போய்விடும். ரீடிங் எடுத்த தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து, நாற்பதாவது நாள் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள்.

8. நகை வாங்கும்போது பில்லில் எடை, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறி கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சேமிப்புக்காக வாங்கினால் வேலைப்பாடு குறைந்த உருப்படியாக எடுங்கள், சேதாரம் திரும்பி வராது. அடகு வைத்த நகைக்கு வட்டி மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைக்கிற வழக்கத்தையும் நிறுத்துங்கள். மூன்று உருப்படி அடகில் இருந்தால் ஒன்றை விற்று மற்ற இரண்டை மீட்பது மனதுக்கு வலிக்கும், கணக்குக்கு வலிக்காது.

9. மொய் நோட்டை இரண்டு பக்கமாக எழுதுங்கள்: நாம் செய்தது, நமக்குச் செய்தது. காதுகுத்தில் வந்து விழுந்த மொய்ப் பணத்தை வருமானம் என்று நினைத்து வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்தவர்களைத் தெரியும். அது வட்டியில்லாக் கடன், அவரவர் வீட்டு விசேஷம்தான் தவணைத் தேதி. வந்த மொய்யில் மூன்றில் ஒரு பங்கையாவது தனி டெபாசிட்டாகப் போட்டுவிட்டு, திருப்பிச் செய்கிற மொய்யை அதிலிருந்தே எடுங்கள்.

10. இடமிருந்தால் இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கிக் கட்டுங்கள். அய்யலூரில் வியாழக்கிழமை சந்தை. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய சந்தையில் விலை பேசுகிற இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். பள்ளிக் கட்டணத்துக்காக ஜூனில் பிடித்துக்கொண்டு போனால் வியாபாரி பேசுவார், நீங்கள் கேட்பீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் போட மறக்கக் கூடாது.

11. மில்லை விட்டு வரும்போது பி.எஃப். பணத்தை வழித்து எடுக்காதீர்கள். மில் மாறினாலும் யு.ஏ.என். எண் ஒன்றுதான். பழைய கணக்கைப் புதிய மில்லுக்கு மாற்றச் சொல்லுங்கள். பணிக்காலம் எல்லாம் சேர்ந்து பத்து வருடம் ஆனால் பிற்காலத்தில் ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். இடையில் எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி சைபரிலிருந்து. மில் வேலைக்குப் போகும் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்று வருடம் கழித்துக் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்ற ஏற்பாடு இந்த மாவட்டத்து மில்களிலும் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளையின் கூலி மாதாமாதம் பிள்ளையின் பெயரிலுள்ள கணக்கில் ஏற வேண்டும். முதலாளியிடம் இருக்கிற பணத்துக்குச் சேமிப்பு என்று பெயரில்லை.

12. ஒரே தொழிலில் வீட்டிலுள்ள எல்லோரையும் நிறுத்தாதீர்கள். திண்டுக்கல் பூட்டை நினைத்தால் இதை எழுதக் கை கூசுகிறது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று கையாலேயே அறுத்து, ராவி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி செய்த ஊர் இது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்து குவிந்தபோது பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவிட்டன. குறியீடு வந்தபோது சாவி ராவத் தெரிந்த இளைஞர்களைத் தேட வேண்டியிருந்தது. கைத்தொழிலாளியின் திறமையில் குறை எதுவும் இல்லை. அப்பா, அண்ணன், தம்பி, மருமகள் எல்லோருடைய சோறும் ஒரே சந்தை விலையில் தொங்கினால், அந்த விலை விழும் வருடம் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் போகும். ஒருவர் பட்டறையில் இருந்தால் இன்னொருவர் மாதச் சம்பளத்துக்குப் போகட்டும். தறி வீட்டுக்கும் இதுவே பொருந்தும். பட்டறையில் இருப்பவரை "உருப்படாத தொழில்" என்று வீட்டிலேயே சொல்லிக் காட்டவும் கூடாது.

13. ஊரில் யாருமே தராத வட்டியை ஒருவர் தருகிறேன் என்றால், அந்தத் தொழிலில் பொருளை வாங்குகிற ஆள் யார் என்று கேளுங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் கவிழ்ந்தன. கறியையும் எண்ணெயையும் வாங்கச் சந்தை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் பணம்தான் பழையவருக்கு மாதத் தொகையாகப் போய்க்கொண்டிருந்தது.

14. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் கணக்கை 250 ரூபாயில் தொடங்கலாம். பதினைந்து வருடம் கட்டினால் போதும், இருபத்தோராவது வருடம் முதிரும். பதினெட்டு வயதானதும் படிப்புக்குப் பாதி எடுக்கலாம்.

15. வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்ளும் இரண்டு காப்பீடுகள் இருக்கின்றன. வருடம் 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு, ஒவ்வொன்றும் 2 லட்சம். முதலாவதில் 70 வயதுவரை, இரண்டாவதில் 50 வயதுவரை சேரலாம். லோடு ஏற்றுகிறவர், வண்டி ஓட்டுகிறவர் வீடுகளில் இது இல்லாமல் இருக்கவே கூடாது. காப்பீட்டு வருடம் ஜூன் 1-ல் தொடங்குகிறது, மே கடைசியில் பணத்தைப் பிடிப்பார்கள். அந்த வாரம்தான் பள்ளிக்கூடச் செலவுக்குக் கணக்கைத் துடைத்து எடுக்கிற வாரமும். ஆகவே 456 ரூபாயை விட்டுவிட்டு மீதியை எடுங்கள். போகிற நேரத்தில் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.