பாடப்புத்தகம் இல்லாத வகுப்புக்குப் போகிறவளுக்கு

அன்புள்ள கயல்,

உன் அப்பா போனில் சொன்னான். மெட்ரிக் பள்ளி வேலையை விட்டுவிட்டு, ஐபி பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கு வேதியியல் எடுக்கப் போகிறாயாம். சம்பளத்தைச் சொல்லும்போது அவனுக்கு ஒரே பெருமை. நீ பயந்துபோயிருப்பதை அவன் சொல்லவில்லை, "அத்தை, அங்க பாடப்புத்தகமே கிடையாதாமே?" என்று நீ அனுப்பிய ஒரு வரிதான் சொன்னது.

திண்டுக்கல்லில் பதினான்கு வருஷம் ஸ்டேட் போர்டு, அப்புறம் பதினோரு வருஷம் ஐபி என்று இரண்டு கரையிலும் நின்றவள் நான். அங்கே போன முதல் வாரம் எனக்கும் இதே கேள்விதான். புத்தகங்கள் கடையில் கிடைக்கும், ஆனால் இதைத்தான் நடத்த வேண்டும் என்று எதையும் கட்டாயமாக்குவதில்லை. கையில் தருவது 'கைடு'. கைடு என்றதும் கோனார் உரையை நினைத்துக்கொள்ளாதே. எதைச் சொல்லித்தர வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதோடு அது நின்றுவிடும். ஹையர் லெவலுக்கு 240 மணி நேரம், ஸ்டாண்டர்டுக்கு 150. பெரும்பாலும் இரண்டு கூட்டமும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கும். உன் முதல் தலைவலி அதுவாகத்தான் இருக்கும்.

இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்கிற இந்த ஐபி எங்கிருந்து வந்தது என்று ஒருதரம் தெரிந்துகொள். நாடு விட்டு நாடு மாறும் பெற்றோரின் பிள்ளைகள் எங்கே போனாலும் செல்லுபடியாகும் ஒரு மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்காக 1968இல் ஜெனீவாவில் தொடங்கியது. முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன் ஓர் ஆங்கிலேயர். பதினாறு வயதிலேயே பிள்ளைகளை இரண்டு மூன்று பாடங்களுக்குள் அடைத்துவிடும் தன் நாட்டு வழக்கம் அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் டாக்டராக நினைக்கும் பிள்ளையும் இங்கே இலக்கியம் படிக்கிறது, இன்னொரு மொழியும் படிக்கிறது. நடுநிலை வகுப்புகளுக்கான திட்டம் 1994இல், தொடக்க வகுப்புகளுக்கானது 1997இல். கூரையை முதலில் போட்டுவிட்டுச் சுவரைப் பிறகு எழுப்பிய வீடு இது. சில இடங்களில் அது தெரியும்: சின்ன வகுப்புகளில் மதிப்பெண் பயமில்லாமல் கேள்வி கேட்டே வளர்ந்த பிள்ளை, உன்னிடம் வந்ததும் திடீரென்று பரீட்சைத் தாளைப் பார்த்து விழிக்கும். நம் பக்கத்துக்கும் இது ஒன்றும் புதிதில்லை. கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளிக்கு 1976இலேயே வந்துவிட்டது, இந்தியாவில் அதுதான் முதல்.

வினாத்தாளில் வரும் வினைச்சொற்களை முதலில் படி. 'குறிப்பிடு' என்றால் ஒரு வரி. 'விளக்கு' என்றால் காரணம் வேண்டும். 'மதிப்பிடு' என்றால் இரண்டு பக்கமும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டும். 'குறிப்பிடு' என்ற இடத்தில் அரைப்பக்கம் எழுதி நேரத்தைத் தொலைத்த கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ.

இன்னொன்று. தேடிக் கற்கும் முறை என்கிறார்களே, அதற்கு டீச்சர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பொருளில்லை. மோல் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை எதைத் தேடும்? அதைக் கரும்பலகையில் நீதான் நடத்த வேண்டும், நம் பழைய முறையிலேயே நடத்து, வெட்கப்படாதே. கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் வேறு. அதை நான் அவமானப்பட்டுக் கற்றேன்.

என் முதல் வருஷம் ஒரு பெண் எக்ஸ்டெண்டட் எஸ்ஸேக்கு என்னிடம் வந்தாள். 4,000 சொற்களுக்குள் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. உப்பில் ஊறிய நெல்லிக்காயிலும் அதே சத்து இருக்கிறது என்று அவள் பாட்டி சொல்வது உண்மையா என்பது அவள் கேள்வி. எவ்வளவு நல்ல கேள்வி! அயோடின் டைட்ரேஷன் செய்து வைட்டமின் சி அளந்தாள். முழு வரைவுக்கு ஒருமுறை கருத்துச் சொல்லலாம், திருத்தக்கூடாது என்பது விதி. நான் திருத்தினேன். வாக்கியத்தைத் திருத்தினேன், அட்டவணையை மாற்றினேன், ஊறல் தண்ணீரையும் தனியாக அளக்கச் சொன்னேன். கடைசியில் ஒரு சின்ன நேர்காணல் உண்டு. "ஊறல் தண்ணீரை ஏன் அளந்தாய்?" என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். "நீங்கதானே மிஸ் சொன்னீங்க."

வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். பாட்டி வீட்டு ஜாடிக்குள் கைவிட்டிருந்தால் அவளே அங்கே வந்து சேர்ந்திருப்பாள். இரண்டு வாரம் பொறுத்திருந்தால் போதும். நான் பொறுக்கவில்லை.

அதேபோல் செய்முறை ஆய்வறிக்கைக்குத் தாராளமாக மதிப்பெண் போடாதே. உன் பாடத்தில் அது 20 சதவீதம். மாதிரிக்குச் சில தாள்களை வெளியே வாங்கிப் பார்ப்பார்கள். நீ கூட்டிப் போட்டிருந்தால் வகுப்பு மொத்தத்துக்கும் குறைப்பார்கள். ஒழுங்காக உழைத்தவனுக்கும் சேர்த்துத்தான் அடி.

நீட் எழுத நினைக்கும் பிள்ளைகளிடம் முதல் மாதமே உட்கார்ந்து பேசு. அந்தத் தேர்வும் மே மாதத் தொடக்கத்தில், இந்தத் தேர்வுகளும் மே மாதத்தில். ஐபியின் 45 புள்ளிக் கணக்கு வேறு, அந்த ஓஎம்ஆர் தாள் வேறு. இரண்டையும் ஒரே தோளில் சுமப்பவர்கள் உண்டு, குறைவு. கட்டணம் கட்டிய பெற்றோரிடம் இதைச் சொல்ல நிர்வாகம் தயங்கலாம், நீ தயங்காதே.

வினைச்சொற்களை ஒட்டிவைத்த என் பழைய நோட்டை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நெல்லிக்காய்ப் பெண்ணின் முதல் வரைவும் அதில் இருக்கிறது, என் சிவப்பு மை படுவதற்கு முந்தைய நகல். படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடு, அது எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அத்தை