சங்கத்தின் முதற் காமிரா
வாங்குமுன் அங்கத்தினர் அறிய வேண்டுவன

நம் வட்டாரச் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. “சங்கத்திற்கு நல்ல காமிரா ஒன்று வாங்கலாமா? வாங்குவதானால் எதனை வாங்குவது?” என்பதே அது. அரூர்ப் பகுதியில் சுற்றுப்பயணம் செய்யுங்கால் நெசவாளரும் விவசாயிகளும் இதனை நம்மிடம் பன்முறை கேட்டுள்ளனர். அவர்களுக்கு வாய்மொழியாகக் கூறியவற்றை ஈண்டு ஒரு பாடமாகத் தொகுத்துத் தருகின்றோம்.

இக்கேள்வியின் பின்னே ஒரு நஷ்டக் கதையும் உண்டு. நாம் பார்வையிட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில், அரக்கு நிறச் சேலை ஒன்றைக் குழல்விளக்கின் கீழ்க் கைபேசியால் படமெடுத்து வெளியூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பினர். படத்தில் அது செங்கல் நிறமாகத் தோன்றிற்று. செங்கல் நிறம் வேண்டிப் பணம் அனுப்பிய அம்மையாருக்கு அரக்கு நிறச் சேலை போய்ச் சேர்ந்தது. அவர் அதனைத் திருப்பிவிட்டார். இரு வழித் தபாற்செலவும் சங்கத்தின் தலையில் விழுந்தது. சேலையோ அலமாரியில் மாதக்கணக்கில் தங்கி, மடிப்புப் படிந்து, இறுதியில் தள்ளுபடியில் விலைபோயிற்று. தறியில் அமர்ந்து நெய்தவர் செய்த பிழை யாதொன்றும் இல்லை. பிழை படத்தினுடையது.

புகைப்படம் என்பது மாதிரித் துணிக்குச் சமானம் என்பதே இதனால் நாம் அறியும் முதற் பாடம். மாதிரிக்கு மாறாகச் சரக்கு அனுப்புவது வியாபார நாணயமன்று. ஆகவே காமிராவை ஓர் அலங்காரப் பொருளாக எண்ணாது, முழக்கோலையும் தராசையும் போன்ற கருவியாகவே எண்ணித் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

1. தேவை யாது?

கருவியைப் பற்றிப் பேசுமுன் தேவையைப் பற்றிப் பேசுவோம். கரும்பு எடைமேடையில் நிறுக்கப்பட்டு விலை பெறுகின்றது. அதற்குப் படம் வேண்டுவதில்லை. மஞ்சளை வியாபாரி கையிலெடுத்து ஒடித்துப் பார்த்தே விலை கூறுகின்றார். அங்கும் படத்தினால் ஆகும் பயன் சிறிதே. மரவள்ளி இலையில் பூச்சி கண்டால் வேளாண்மை அலுவலருக்குக் காட்டக் கைபேசிப் படமே போதுமானது. இவற்றிற்காகச் சங்கப் பணத்தைக் காமிராவில் முடக்குவது தகாது.

ஆனால் கைத்தறிச் சேலையின் நிலை வேறு. வாங்குபவர் அதனைத் தொட்டுப் பார்க்க இயலாத தொலைவில் இருக்கும்போது, நிறம், சரிகையின் ஒளி, நெசவின் நெருக்கம் ஆகிய மூன்றையும் படம் ஒன்றே சொல்லியாதல் வேண்டும். 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனம் இன்று இணையத்தின் வழியாகவும் கைத்தறித் துணிகளை விற்று வருகின்றது. 2010-களில் பட்டுச் சேலைகளுடன் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்கும் வழக்கத்தையும் அது தொடங்கியது. நம் சிறு சங்கங்களும் நேரே வாடிக்கையாளரை அடைய விரும்பினால் நல்ல படம் இன்றியமையாததே.

எனினும் ஆண்டில் இரு பண்டிகைக் காலங்களில் மட்டும் புதுச் சரக்கைப் படமெடுக்கும் சங்கம், உள்ளூர்ப் புகைப்பட நிலையத்தாரை நாள் கூலிக்கு அமர்த்திக்கொள்வதே சிக்கனம். மாதந்தோறும் புது ரகங்கள் வருமாயின் சொந்தக் காமிரா பயன் தரும். அண்டைச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு காமிராவை வைத்துக்கொள்ளவும் கூடும். சங்கங்களுக்கிடையே கூட்டுறவு நிலவ வேண்டும் என்பது 1966-இல் சர்வதேசக் கூட்டுறவு இணைப்பு தன் கோட்பாடுகளில் சேர்த்துக்கொண்ட ஒன்றன்றோ!

2. டி.எஸ்.எல்.ஆர். என்பது எவ்வாறு இயங்குகின்றது?

இவ்வகைக் காமிராவில் லென்ஸின் வழியே வரும் ஒளி, சாய்வாக நிறுத்தப்பட்ட ஒரு முகக்கண்ணாடியில் பட்டு மேலெழும்பி நம் கண்ணுக்கு வருகின்றது. பொத்தானை அழுத்தியவுடன் கண்ணாடி மேலே விலக, ஷட்டர் திறந்து, ஒளி பின்னாலுள்ள சென்சார் என்னும் தகட்டில் விழுகின்றது. முன்னாளில் பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் இருக்கின்றது. பிலிம் தயாரிக்கவென்றே 1960-இல் உதகமண்டலத்தில் ‘ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்’ ஏற்படுத்தப்பட்டதையும், ‘இந்து’ என்ற பெயரில் அதன் பிலிம்கள் விற்பனையானதையும் மூத்த அங்கத்தினர் அறிவர். அந்நாளில் ஒவ்வொரு படத்திற்கும் செலவு உண்டு. இன்று நூறு படம் எடுத்துத் தொண்ணூற்றொன்பதை அழித்தாலும் செலவில்லை.

1991-இல் கோடாக் கம்பெனி வெளியிட்ட முதல் டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் 13 லட்சம் புள்ளிகளே இருந்தன. அதன் விலையும் பத்திரிகை நிலையங்கள் போன்றவற்றிற்கே எட்டுவதாயிருந்தது. 2003-இல் கேனான் 300டி வந்த பின்னரே சாதாரண மக்களும் வாங்கலாயினர். இன்று தொடக்கநிலைக் காமிராக்கள் பலவற்றில் 240 லட்சம் புள்ளிகள், அதாவது 24 மெகாபிக்ஸல், உள்ளன.

இந்த எண்ணைக் கண்டு மயங்குதல் வேண்டா. ஏ4 அளவுத் தாளில் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 9 மெகாபிக்ஸல் போதும். கைபேசித் திரையில் பார்ப்பதற்கு 3 மெகாபிக்ஸலே மிகுதி. புள்ளிகளின் எண்ணிக்கையைவிடச் சென்சாரின் பரப்பே முக்கியம். கைபேசியின் சென்சார் பெரும்பாலும் விரல் நகத்தினும் சிறியது. தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். காமிராவின் சென்சார் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் நீளமும் 15 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பு மிகுந்தால் அது ஏற்கும் ஒளியும் மிகும். அதனால் நிறபேதங்கள் நுட்பமாகப் பதியும்.

3. லென்ஸும் அறையின் நீளமும்

காமிராவுடன் வழக்கமாக 18 முதல் 55 மில்லிமீட்டர் வரையுள்ள ஜூம் லென்ஸ் ஒன்றைத் தருவர். அதுவே நமக்குப் போதுமானது. 18 மில்லிமீட்டரில் வைத்து அருகே நின்று எடுத்தால் காமிராவுக்குக் கிட்டிய பகுதி பெருத்தும் எட்டிய பகுதி சிறுத்தும் தோன்றும். நேரான கரையும் ஓரங்களில் வளைந்து காணும். 50 மில்லிமீட்டரில் வைத்தால் கரை நேராக நிற்கும். ஆனால் தொங்கவிட்ட ஆறடிச் சேலை முழுவதும் அடங்க, காமிராவுக்கும் சேலைக்கும் இடையே ஏறத்தாழ 13½ அடி தூரம் வேண்டும். படமெடுப்பவர் நிற்கவும் இடம் வேண்டுமாதலால் 16 அடி நீளமுள்ள அறை தேவை. 35 மில்லிமீட்டரில் வைத்தால் 9½ அடி தூரம் போதும். ஆகவே கடைக்குப் போகுமுன் சங்கக் கட்டடத்தை அளந்துகொள்க.

இரண்டு லென்ஸ்கள் சேர்ந்த கட்டு மலிவு என்று கடைக்காரர் கூறக்கூடும். தொலைவிலுள்ள பறவையைப் படமெடுக்கும் நீண்ட லென்ஸால் நெசவாளர் சங்கத்திற்கு யாதொரு பயனும் இல்லை. அப்பணத்தில் உறுதியான முக்காலி ஒன்று வாங்குக. முக்காலியும், இரண்டு விநாடி கழித்து ஷட்டர் தானே திறக்கும் ஏற்பாடும் இருப்பின், மங்கிய வெளிச்சத்திலும் கையசைவின்றிப் படம் தெளிவாக அமையும்.

4. நெசவாளர் சிறப்பாக அறிய வேண்டிய நுட்பம்

கொசுவலைத் துண்டுகள் இரண்டினை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டு வலையிலும் இல்லாத அலை அலையான கோடுகள் தோன்றும். சென்சாரின் புள்ளிகளும் ஒரு வலையே. பாவும் ஊடையும் சேர்ந்ததும் ஒரு வலையே. இவ்விரண்டும் பொருந்தும் வேளையில் துணியில் இல்லாத அலைகளும் வானவில் நிறங்களும் படத்தில் தோன்றிவிடும். இதனை ‘மோரே’ என்பர். சிறு கட்டங்களும் நெருங்கிய கோடுகளும் உடைய துணியில் இது மிகுதி. வாங்குபவர் இதனைச் சாயக்குறை என்றே எண்ணுவார்.

இதனைக் குறைக்கச் சில காமிராக்களில் சென்சாரின் முன்னே மெல்லிய வடிப்பான் ஒன்று அமைந்திருக்கும். கேனான் 1500டி, 200டி ஆகியவற்றில் அஃது உண்டு. நைக்கான் டி3500, டி5600 ஆகியவற்றில் இல்லை. வடிப்பான் இல்லாதவை பிற காட்சிகளில் சற்றே கூர்மையான படம் தரும் என்பது அவற்றின் பெருமை. துணி விற்போருக்கோ வடிப்பான் உள்ளதே பாதுகாப்பு. அது கிட்டாதபோது காமிராவைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தியும், கோணத்தைச் சிறிது மாற்றியும் அலைகளைத் தவிர்க்கலாம்.

ஆதலின் வாங்கச் செல்பவர் சங்கத்துச் சேலைகள் இரண்டினைத் தம்முடன் கொண்டு செல்லுதல் வேண்டும். ஒன்று சிறு கட்டம் போட்டது. மற்றொன்று சரிகையுடன் கூடிய அடர் சிவப்பு. கடைவாயிலின் நிழலில் இரண்டையும் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, சேலையுடன் ஒப்பிட்டபின் பேசுக. விற்பவரின் சொல்லைவிட நம் துணியின் சாட்சியே மேலானது.

5. வெளிச்சமும் நிறமும்

முன்னர்க் கூறிய அரக்குச் சேலையின் கதைக்கு உண்மைக் காரணம் கைபேசியன்று, வெளிச்சமே. விலை மிகுந்த காமிராவும் அவ்விளக்கின் கீழ் அதே பிழையைச் செய்திருக்கக் கூடும். பகலொளியையும் குழல்விளக்கையும் கலத்தல் ஆகாது. வடக்கு நோக்கிய தாழ்வாரத்தில், நேர் வெயில் படாத நிழலில், முற்பகலில் எடுப்பதே நன்று. சுற்றுச்சுவர் வண்ணச் சுவராயின் அதன் சாயல் துணியில் ஏறும். வெள்ளையடித்த சுவர் உத்தமம்.

சாம்பல் அட்டை என்பது சிறு செலவில் கிடைக்கும் ஒரு பொருள். அதனைத் துணியின்மேல் வைத்து முதலில் ஒரு படம் எடுத்து, ‘இதுவே நடுநிலை நிறம்’ என்று காமிராவுக்கு அறிவித்துவிட்டால், பின்வரும் படங்களில் நிறம் பெரிதும் திருந்தும். சாதாரண வெள்ளைத் தாள் இதற்கு ஏற்றதன்று. அதில் நீலச் சாயல் தரும் பொருள் சேர்ந்திருப்பது உண்டு. அடர் சிவப்பும் வாடாமல்லியும் படத்தில் நெசவு தெரியாது தீட்டிய வர்ணம் போலப் பரவிவிடும். அவ்வாறாயின் ஒளியின் அளவைச் சற்றுக் குறைத்து மீண்டும் எடுக்க.

இவ்வளவும் செய்த பின்னரும் வாங்குபவரின் கைபேசித் திரை நிறத்தை மாற்றிக் காட்டலாம். ஆகையால் படத்தின் கீழே நிறத்தின் பெயரையும் நூல் வகையையும் எழுத்தால் குறித்தல் வேண்டும்.

6. புதியதா, பழையதா?

2018-இல் கேனான், நைக்கான் ஆகிய இரு கம்பெனிகளும் கண்ணாடியில்லாத ‘மிரர்லெஸ்’ வகைக்கெனப் புதிய லென்ஸ் வரிசைகளைத் தொடங்கின. அதன்பின் அவற்றின் முயற்சியெல்லாம் அவ்வகையை நோக்கியே சென்றது. நைக்கான் டி3500, டி5600 ஆகியவற்றின் உற்பத்தியும் 2022 அளவில் நின்றுவிட்டது. இனி டி.எஸ்.எல்.ஆர். வாங்கலாமா என்று ஐயுறுவது இயல்பே.

நம் விடை இது: அசையாது தொங்கும் சேலையைப் படமெடுக்க டி.எஸ்.எல்.ஆர். இன்றும் முழுத் தகுதி உடையது. பலர் புதுவகைக்கு மாறுவதால் பழைய காமிராக்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. கைமாறிய காமிராவானால் ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேட்க. தொடக்கநிலைக் காமிராக்களுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை என்பது பொதுவான கணக்கு. லென்ஸை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சணம் உண்டா என நோக்குக. நைக்கான் டி3000, டி5000 வரிசைக் காமிராக்களில் தனி மோட்டார் இல்லாமையால், மோட்டாரற்ற பழைய லென்ஸ்கள் அவற்றில் தாமே குவியமாட்டா. பில்லும் உத்தரவாதமும் அவசியம் எனக் கருதும் சங்கம் புதியதையே வாங்குக. அப்போது மிரர்லெஸ் வகையையும் விலை கேட்டு ஒப்பிடுக.

7. வாங்குதலும் காத்தலும்

சங்கப் பணம் பல அங்கத்தினரின் சிறு சேமிப்பு. நிர்வாகக் குழுத் தீர்மானமின்றி வாங்குதல் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளின் விலைப்புள்ளிகளைப் பெற்று ஒப்பிடுக. பில் சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். காமிராவின் எண்ணும் லென்ஸின் எண்ணும் இருப்புப் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும். பொறுப்பாளர் ஒருவரை எழுத்து மூலம் நியமித்து, இரண்டாமவர் ஒருவருக்கும் பயிற்சி அளித்தல் வேண்டும். ஒருவர் மட்டுமே இயக்கத் தெரிந்த கருவி, அவர் வாராத நாளில் பயனற்றது.

தறிக்கூடத்தில் லென்ஸைக் கழற்றலாகாது. பறக்கும் பஞ்சுத் தூசி சென்சாரில் படியும். தோல் உறையில் மூடி மாதக்கணக்கில் பீரோவில் வைத்தலும் ஆகாது. வேறொரு சங்கத்தில் தணிக்கையின்போது அவ்வாறு பூட்டிக் கிடந்த காமிராவைத் திறந்து பார்த்தோம். லென்ஸ் முழுதும் பூஞ்சணம் பற்றியிருந்தது. விலையோ ஏட்டில் அப்படியே இருந்தது! காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, வாரம் ஒருமுறையேனும் எடுத்து இயக்குக.

முடிவாகச் சொல்வது யாதெனில், முதலில் தேவை, அடுத்து வெளிச்சம், பின்னர் லென்ஸ், இறுதியிலேதான் காமிரா. இவ்வரிசை மாறினால் பணம் வீணாகும். நெய்தவர் தறியில் காட்டிய நேர்மையைப் படமும் காட்டுமாயின், ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் நம் சங்கத்தையே நாடுவார்.

வாசகர் வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சென்ற ஓராண்டில் நம் சங்கத்திலிருந்து அனுப்பிய துணிகளில் திரும்பி வந்தவை எத்தனை? அவற்றுள் நிறவேறுபாட்டினால் திரும்பியவை எத்தனை?
2. சொந்தக் காமிரா, நாள் கூலி, அண்டைச் சங்கங்களுடன் கூட்டு ஆகிய மூன்றில் நமக்கு எது சிக்கனம்? கணக்கிட்டுக் கூறுக.
3. சங்கக் கட்டடத்தில் 16 அடி நீளமும் வடக்கு வெளிச்சமும் உள்ள இடம் எது?
4. கடைக்குக் கொண்டு செல்ல வேண்டிய இரண்டு சேலைகள் எவை? அவற்றைத் தெரிந்தெடுத்ததன் காரணம் யாது?
5. கருவியின் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? அவர் இல்லாதபோது யார் இயக்குவர்?