கேக் நடுவில் அமுங்குகிறதா?

வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரிகளுக்கு ஒன்று கெட்டாலும் முட்டை, வெண்ணெயோடு அன்றைய வருமானமும் போய்விடுகிறது. பெரும்பாலும் காரணம் ஓவனின் சூடுதான்.

திருகியை 180 டிகிரியில் வைத்தாலும் உள்ளே 20 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். ஓவனுக்கான வெப்பமானியை நடுத்தட்டில் வைத்து, 20 நிமிடம் சூடேற்றிப் பாருங்கள்.

மேற்புறம் சீக்கிரம் சிவந்து வெடித்தால் சூடு அதிகம்; 10 டிகிரி குறையுங்கள்.

நடுப்பகுதி அமுங்கினால் வேக்காடு போதவில்லை, அல்லது கதவை முன்கூட்டியே திறந்திருப்போம். முக்கால்வாசி நேரம் கழியும்வரை திறக்க வேண்டாம். பேக்கிங் பவுடர் கூடினாலும் அமுங்கும்.

அடி மட்டும் கருகினால் ஒரு தட்டு மேலே வையுங்கள். தம்மடைக்கு மேலும் கீழும் தணல் இட்ட நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த கணக்கே இது.

உங்கள் ஓவன் எத்தனை டிகிரி மாறுகிறது என்பதை எழதி, அருகிலேயே ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.