வைக்கம் போகும் முன் நூலகம் போங்கள்

பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் லீவுக்குக் கொச்சி போவதானால், வைக்கம் பெரியார் நினைவகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து, 1924 மார்ச் 30இல் போராட்டம் தொடங்கிய ஊர் அது. பெரியார் அங்கே இருமுறை சிறை சென்றார். அருங்காட்சியகமும் நூலகமும் உள்ள நினைவகம், புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பர் 12இல் திறக்கப்பட்டது.

கிளம்பும் முன் உங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்தில் பழ. அதியமானின் 'வைக்கம் போராட்டம்' இருக்கிறதா என்று கேளுங்கள். "பெரியார் புத்தகம் ஏதாவது" என்று பொதுவாகக் கேட்டால் அலமாரியைத்தான் காட்டுவார்கள். ஆசிரியர் பெயரோடு கேளுங்கள். உறுப்பினராக முகவரிச் சான்றும் சிறு தொகையும் போதும். வீட்டில் ஒருவராவது படித்துவிட்டு வந்தால்தான் நினைவகத்தில் உள்ள படங்கள் பேசும்.

பெரம்பலூரில் ரயில் இல்லை. பஸ்ஸில் திருச்சி போய் எர்ணாகுளம் ரயிலைப் பிடியுங்கள். எர்ணாகுளத்திலிருந்து வைக்கத்துக்குப் பஸ் உண்டு.

பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டாம். முதலில் கோயில் தெருவில் நடக்க விடுங்கள். 'இதில் நடக்கவா ஜெயில்?' என்று அவர்களே கேட்பார்கள். அப்புறம் நினைவகத்துக்குள் கூட்டிப்போங்கள். வார விடுமுறை எந்த நாள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.