ஆளுக்கேற்ற ஃபிரேம்: சைக்கிள் வணிகர்களுக்கு ஓர் அளவைப் பாடம்



நமது திருவேற்காட்டிலும் சுற்றியுள்ள பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளிலும் சைக்கிள் வியாபாரம் புதிதல்ல. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் வேரூன்றிய காலம் முதல் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்கள் நம் வீட்டுப் பெயர்களாகிவிட்டன. அக்காலத்தில் வாடிக்கையாளரிடம் நாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “22 அங்குலமா, 24 அங்குலமா?” சீட்டை ஏற்றி இறக்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

இன்று அந்தக் கேள்வி போதாது. உடற்பயிற்சிக்காகவும் நெடுந்தூரப் பயணத்துக்காகவும் விலையுயர்ந்த சைக்கிள் கேட்டு வருவோர் இருக்கின்றனர். அவர்களில் சிலர் சைக்ளோகிராஸ் வகையைக் கேட்கிறார்கள். அளவு தவறினால் வாடிக்கையாளருக்கு உடல்வலி; நமக்கு முதல் முடக்கம். ஆகவே இப்பாடம்.

சைக்ளோகிராஸ் என்றால் என்ன?

சேறு, மணல், புல்தரை ஆகியவற்றில் ஓட்டும் பந்தயம் இது. தடைகள் குறுக்கிடும் இடத்தில் வீரர் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவார். 1950-இல் பாரிஸ் நகரில் இதற்கு முதல் உலகப் போட்டி நடந்தது. பந்தயச் சைக்கிளைப் போன்ற வளைந்த ஹேண்டில் இருக்கும். ஆனால் டயர் தடிமன் அதிகம். உலகப் போட்டி விதிப்படி 33 மில்லிமீட்டர் வரை. சேறு சிக்காதபடி ஃபோர்க்கில் இடைவெளியும் கூடுதல். நம் பகுதியில் இப்பந்தயம் பரவலாக இல்லாவிட்டாலும், ஏரிக்கரை மண்பாதையும் பள்ளம் விழுந்த சாலை ஓரமும் உள்ள ஊரில் இவ்வகைச் சைக்கிளை விரும்புவோர் இருப்பதில் வியப்பில்லை.

நாம் செய்த தவறு

ஒரு முறை நம் கடைக்கு உயரமான கால்களும் குட்டையான உடம்பும் கொண்ட இளைஞர் ஒருவர் வந்தார். அவருடைய மொத்த உயரத்தை மட்டும் கேட்டு, அட்டவணையைப் பார்த்து ஒரு ஃபிரேம் கொடுத்தோம். ஒரு மாதத்தில் தோள்வலி, கை மரத்துப்போகிறது என்று திரும்பி வந்தார். சீட்டை முன்னே தள்ளினோம். முழங்கால் வலி வந்தது. கடைசியில் அந்தச் சைக்கிளைத் திரும்பப் பெற்றுக் குறைந்த விலைக்கு விற்றோம். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டப் பார்த்ததன் பலன் அது.

எப்படி அளப்பது?

1. கால் அளவு: வாடிக்கையாளரை வெறுங்காலுடன் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கால்களுக்கு இடையில் தடித்த புத்தகம் ஒன்றைச் சீட்டைப் போல் மேலே அழுத்தி வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும்.

2. உடம்பு அளவு: மொத்த உயரத்தில் கால் அளவைக் கழித்தால் வருவது.

3. கை அளவு: தோள் எலும்பு முனையிலிருந்து மூடிய கைப்பிடி வரை.

கால் அளவை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டினால் பரவலான கணக்கு இது. தொடக்கத்துக்கு மட்டுமே இது உதவும். பின்னர் ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும். மேடுபள்ளப் பாதைக்குச் சீட்டைச் சற்றுத் தாழ்த்துவோரும் உண்டு.

ஓர் உதாரணம்

இருவர் வருகிறார்கள். இருவருக்கும் உயரம் 172 செ.மீ. முதல்வரின் கால் அளவு 84, இரண்டாமவருக்கு 76. அட்டவணைப்படி இருவருக்கும் ஒரே ஃபிரேம். கணக்குப்படி முதல்வரின் சீட் உயரம் சுமார் 74 செ.மீ.; இரண்டாமவருக்கு 67 செ.மீ. வித்தியாசம் 7 செ.மீ. சீட் குழாய் பின்புறம் சாய்ந்திருப்பதால் சீட் 7 செ.மீ. ஏறும்போது ஏறத்தாழ 2 செ.மீ. பின்னாலும் போகிறது. குட்டையான உடம்புக்காரர் இன்னும் அதிகம் எட்டிப் பிடிக்க வேண்டியதாகிறது. நம் இளைஞருக்குத் தோள் வலித்ததன் காரணம் இதுவே.

ஃபிரேமில் பார்க்கவேண்டியவை

ஃபிரேமில் ஒட்டியுள்ள எண்ணை நம்பக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். இரண்டு அளவுகள்தாம் உண்மை பேசும். சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்தி, பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வையுங்கள். ஹேண்டில் குழாயின் மேல்முனை மையத்தின் தரை உயரத்திலிருந்து கிராங்க் அச்சின் தரை உயரத்தைக் கழித்தால் ‘ஸ்டாக்’. சுவரிலிருந்து இவ்விரண்டு புள்ளிகளின் தூர வித்தியாசம் ‘ரீச்’. தூக்குக்குண்டு நூலும் டேப்பும் போதும்.

நீண்ட கால், குட்டை உடம்பு: ஸ்டாக் அதிகமாகவும் ரீச் குறைவாகவும் உள்ள ஃபிரேம். மிச்சக் குறையைக் குட்டையான ஸ்டெம், அதன் அடியில் வளையங்கள் கொண்டு சரிசெய்யலாம். சீட் பில்லரில் உள்ள குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இழுத்துக் கொடுக்கவே கூடாது; ஃபிரேம் உடையும் ஆபத்து உண்டு.

குட்டைக் கால், நீண்ட உடம்பு: மேல் பார் சரிவாக உள்ள, ரீச் அதிகமான ஃபிரேம். சைக்ளோகிராஸில் டயர் தடிமனால் பார் சற்று உயரமாகவே நிற்கும். ஆகவே செருப்போ ஷூவோ அணிந்து பாரின் மேல் நிற்கவைத்து, குறைந்தது 3 செ.மீ. இடைவெளி உண்டா என்று பாருங்கள். சேற்றில் திடீரென்று இறங்கும்போது இந்த இடைவெளிதான் காப்பாற்றும். கிராங்க் 170-க்குப் பதில் 165 மில்லிமீட்டர் போட்டால் முழங்கால் அதிகம் மடங்காது.

சிறிய ஃபிரேம்களில் மற்றொரு சோதனை: ஹேண்டிலைத் திருப்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டை முன்னே பின்னே தள்ளுவது முழங்காலுக்காகவே. கை எட்டவில்லை என்பதற்காக அல்ல.

முதலீட்டுக் கணக்கு

எல்லா அளவு ஃபிரேம்களையும் வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும். நடுத்தர அளவுகள் இரண்டை வைத்து, 7 முதல் 12 செ.மீ. வரையிலான ஸ்டெம்கள், வளையங்கள், இரண்டு வகை சீட் பில்லர்களைக் கையிருப்பில் வைத்தால், ஒரு ஃபிரேமின் விலையில் ஒரு பங்குக்குள் பலரைத் திருப்திப்படுத்தலாம். அதற்கும் அடங்காத உடலமைப்பு என்றால், அளவுச் சீட்டு எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தும் முன்பணமும் பெற்ற பிறகே வரவழையுங்கள். “இது உங்களுக்குப் பொருந்தாது” என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் தயங்க வேண்டாம். அன்று போகிறவர் நாளை நம்மையே நம்பி வருவார்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஓட்டிப் பார்த்து வாரக்கணக்கில் பழகும் வரை ஃபோர்க் குழாயை வெட்டாதீர்கள். வெட்டியது வளராது.

இணையத்தில் விலை குறைத்து விற்பவரோடு நாம் விலையில் மோதுவது கடினம். ஆனால் டேப்பை எடுத்துக் குனிந்து அளக்க அவரால் முடியாது. ஒரு வாடிக்கையாளருக்காக நாம் செலவிடும் அந்த அரை மணி நேரம்தான் நம் கடையின் உண்மையான முதல். தையற்காரர் அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைப்பதில்லை; நாமும் அளவெடுக்காமல் பில் போட வேண்டாம்.