கரண்ட் ஒன்றுதான், பின் மட்டும் ஏன் வேற வேற?



போன ஐப்பசி மழையில் சில்வர் ஓக் மரம் கம்பி மேல் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அப்போது எங்க ஆயாவுக்கு உடம்பு சரியில்லாமல் அப்பா சேலம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டில் அம்மா, நான், தம்பி மட்டும். போன் அணைந்து கிடந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. ஓடிப்போய் சார்ஜரை எடுத்தால் ஒயரின் பின் வளைந்து உடைந்திருந்தது. தம்பி தலைகீழாக வைத்து அழுத்தியிருக்கிறான்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவங்களுடையது சி டைப். எதிர் வீட்டுத் தாத்தா வைத்திருப்பது பட்டன் போன், அதற்கு உருண்டையான சின்ன பின். எஸ்டேட்டில் கார் ஓட்டும் அண்ணனிடம் இருந்தது பழைய ஐபோன் ஒயர். மூன்று வீட்டிலும் கரண்ட் இருக்கு, சார்ஜர் இருக்கு. ஆனா எங்க போனுக்குள் எதுவும் போகவில்லை. "என் போனில் பேசு கண்ணு" என்று அக்கா சொன்னாங்க. அப்பா நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. அது அணைந்துபோன போனுக்குள்தான் இருந்தது!

கடைசியில் தையல் தைக்கும் அக்கா வீட்டு ஒயர்தான் சேர்ந்தது. போனுக்கு உயிர் வந்த கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிட்டார். "காலையிலிருந்து கூப்பிடறேன். ரத்தம் கொடுக்க ஆள் வேணும். மாமா போனும் போகல. உடனே போய்ச் சொல்லு" என்றார். மாமா அப்பவே பைக்கில் குப்பனூர் வழியாக இறங்கிப் போனார். ஆயா இப்போ நல்லா இருக்காங்க. ஆனால் ஒரு பின்னுக்காக ஒரு பகல் முழுக்க வீணாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் இதைத் தேடிப் படித்து எழுதுகிறேன்.

ஒயருக்குள் என்ன இருக்கு?

சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். போனுக்கு அது ஆகாது. சார்ஜர்தான் அதைச் சுமார் 5 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றிக் கொடுக்கிறது.

உடைந்த ஒயரைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். உள்ளே 4 மெல்லிய கம்பிகள். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் படம், பாட்டு முதலிய தகவல்களுக்கு. (சில மலிவான ஒயர்களில் 2 கம்பிதான் இருக்கும். அதில் சார்ஜ் ஏறும், ஆனால் கம்ப்யூட்டருக்குப் படம் ஏற்ற முடியாது.)

அன்றைக்கு நான் ஏறி இறங்கிய நாலு வீட்டுச் சார்ஜரும் ஏறக்குறைய 5 வோல்ட் கொடுப்பவைதான். வித்தியாசம் முனையின் வடிவத்தில்தான். நம் வீட்டுக் குண்டு பல்பை எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஹோல்டரில் மாட்டுகிறது அல்லவா? போனுக்கு மட்டும் ஏன் அப்படி இல்லை?

வடிவம் மாறிய கதை

1. உருண்டை பின்: ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு வடிவம் வைத்திருந்தது. நோக்கியாவிலேயே முதலில் 3.5 மி.மீ. தடிப் பின், பிறகு 2 மி.மீ. சின்ன பின்.

2. யு.எஸ்.பி. (1996): கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி இணைக்க வந்தது. இதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட். குஜராத் மாநிலம் வதோதராவில் படித்தவர்!

3. மைக்ரோ யு.எஸ்.பி. (2007): 5 தொடுமுனைகள். ஒரு பக்கமாகத்தான் நுழையும். என் தம்பி உடைத்தது இதைத்தான்.

4. லைட்னிங் (2012): ஐபோன் 5-உடன் ஆப்பிள் கொண்டுவந்தது. எந்தப் பக்கமும் செருகலாம், ஆனால் மற்ற கம்பெனி போனுக்குச் சேராது.

5. சி டைப் (2014): மேலே 12, கீழே 12, மொத்தம் 24 தொடுமுனைகள். இரண்டு வரிசையும் ஒத்து இருப்பதால் எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும்.

ஒன்றாக்கியது யார்?

2009-ல் ஐரோப்பாவில் பெரிய செல்போன் கம்பெனிகள் மைக்ரோ யு.எஸ்.பி.-க்கு ஒப்புக்கொண்டன. ஆனால் அது சட்டம் இல்லை. ஆப்பிள் தனியாக ஓர் இணைப்பான் கொடுத்துவிட்டு, போனில் தன் வடிவத்தையே வைத்துக்கொண்டது. அதனால் 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது. 28-12-2024 முதல் அங்கே விற்கும் புதிய போன்களில் ஒயர் செருகும் இடம் சி டைப்பாக இருக்க வேண்டும். வீசி எறியும் சார்ஜர்களாலும் சும்மா கிடக்கும் சார்ஜர்களாலும் அங்கே ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்குப்பை சேர்வதாகக் கணக்கிட்டிருந்தார்கள். சட்டம் அமலுக்கு வரும் முன்பே, 2023-ல் வந்த ஐபோன் 15-இல் ஆப்பிளும் சி டைப்புக்கு மாறிவிட்டது.

நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், அதுதான் ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கும் அமைப்பு, 2023 ஜனவரியில் சி டைப்புக்கான தரநிலையை அறிவித்தது. இன்னொரு செய்தி: ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. பிறகு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது சால்காம்ப் என்ற சார்ஜர் செய்யும் கம்பெனி!

சி டைப் என்றால் எல்லாம் சரியா?

முழுசாகச் சரியில்லை. செருகும், ஆனால் சில சமயம் மெதுவாக ஏறும். திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். வேகச் சார்ஜரும் போனும் முதலில் தங்களுக்குள் 'பேசி', எத்தனை வோல்ட் என்று முடிவு செய்கின்றன. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாவிட்டால் பாதுகாப்பாக 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். அவசரத்துக்கு அது போதும்.

நாம் செய்ய வேண்டியவை

• பின் நுழையவில்லை என்றால் அழுத்தாதீங்க. திருப்பிப் பாருங்க.
• ஆடிக்கொண்டே இருந்தால் ஓட்டைக்குள் பஞ்சு, தூசி இருக்கும். போனை அணைத்துவிட்டு, காய்ந்த பல்குச்சியால் மெதுவாக எடுங்க. ஊசி, கம்பி வேண்டாம்.
• மழையில் நனைந்த போனை உடனே சார்ஜில் போடாதீங்க.
• செம்புக் கம்பிக்காகப் பழைய ஒயரை எரிக்காதீங்க. அந்தப் புகை விஷம்.
• வீட்டு நம்பர் ஒன்றையாவது மனப்பாடம் செய்யுங்க. எனக்கு இப்போ மூன்று தெரியும்.

இந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறேன். சி டைப், மைக்ரோ, சின்ன பின், ஐபோன் என்று நாலு கட்டம். உங்க வீட்டில் எந்த ஒயர் இருக்கோ அந்தக் கட்டத்தில் உங்க பெயரை எழுதுங்க. அடுத்த மழைக்குள் நிரப்பிவிடுவோம். இனி யாரும் இருட்டில் நாலு வீடு ஏறி இறங்க வேண்டாம். எங்க வீட்டுப் பெயரை 'மைக்ரோ' கட்டத்தில் முதலில் எழுதிவிட்டேன். புது ஒயர் வாங்கியாச்சு!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கொட்டச்சேடு